நெடுந்தீவுக்கு மேலே திரும்பும் அலை

வாசகர் கேள்வி – பதில்

(வானொலி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறவர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வெகுகாலம் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர்.)

கேள்வி: ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும் என்கிறார்கள். பூமியோ உருண்டை. அப்படியிருக்க, அந்தக் காலத்தில் இலங்கை வானொலி எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் எப்படி வந்தது? அங்கே அவ்வளவு உயரமான டவரா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

டவரில் ஒன்றும் இல்லை ஐயா. நூறு மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் ஏறி நின்றாலும் கண்ணுக்கு எட்டுகிற தொடுவானம் 36 கிலோமீட்டர்தான். கொழும்பில் நின்றால் நீர்கொழும்புகூட முழுசாகத் தெரியாது; கடலூர் எங்கே தெரியப்போகிறது?

வரைபடத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். கொழும்பும் கடலூரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சிற்றலை (ஷார்ட் வேவ்) டிரான்ஸ்மிட்டர்கள் இருந்த ஏக்கலை, கொழும்புக்குச் சற்று வடக்கே. அங்கிருந்து நமக்கு சுமார் 520 கிலோமீட்டர், நேர் வடக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே கோல் வைத்தாற்போல ஒரு கோடு இழுத்தால், பூமியின் வளைவால் அந்தக் கோடு பாதி வழியில் கடல்மட்டத்துக்கு 5 கிலோமீட்டர் கீழே, பாறைக்குள் போகும். அந்த வழியாக அலை வர முடியாது.

வந்தது மேல்வழியாக. ஏக்கலையிலிருந்து ஏறக்குறைய 50 டிகிரி சாய்வில் கிளம்பி, 300 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி, அங்கே அயனி மண்டலம் என்கிற அடுக்கில் வளைந்து, அதே சாய்வில் இறங்கியது. திரும்புகிற இடம் சரியாகப் பாதி வழி. கணக்குப் போட்டால் அது நெடுந்தீவை ஒட்டிய கடலுக்கு மேலே விழுகிறது. அறிவிப்பாளர் ஏக்கலை வழியாக நம்மோடு பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அங்கே போய்த் திரும்பித்தான் நெல்லிக்குப்பத்துக்கு வந்தது. மொத்தம் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடியின் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதன் தடத்தை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். வால்வு ரேடியோக்களில் முகப்பில் பச்சையாக ஒளிரும் 'மேஜிக் ஐ' இருக்குமே, ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் அந்தப் பச்சை இதழ்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். சிலோனை வைத்துவிட்டு கை எடுத்த பிறகும் அது சும்மா இருக்காது. மெல்ல விலகும், மறுபடி கூடும். குரல் தேய்ந்து எழும்பும். ரேடியோவில் கோளாறு என்று பலர் என் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோளாறு ரேடியோவில் இல்லை. ஒரே அலை இரண்டு மூன்று வழியாக வந்து சேரும். ஒன்று ஒருமுறை வானத்தைத் தொட்டு வந்தது, இன்னொன்று இருமுறை தொட்டு வந்தது. இரண்டும் ஒத்துப்போனால் சத்தம் கூடும், முரண்பட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மேலே இருக்கிற அடுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இந்த ஒப்பும் முரணும் மாறிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னால் யார் நம்பினார்கள்? "ஒரு கண்டன்சராவது மாத்திக் குடுப்பா" என்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அலை வந்தது இயற்பியலால். நாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது அமைச்சர் கேஸ்கரால். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி. கேஸ்கர், ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கிட்டத்தட்டக் கதவைச் சாத்தினார். ரேடியோ சிலோனின் வர்த்தகச் சேவை அதற்கு இரண்டு வருஷம் முன்பே தொடங்கியிருந்தது. விவித் பாரதி 1957 அக்டோபரில் வருவதற்குள் நம் வீட்டு முள் கொழும்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: பாடப்புத்தகத்தில் அயனி மண்டலம் கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அனுப்புவதாகப் படம் போட்டிருக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. நடுவில் கண்ணாடி இருந்தால் அதோடு எப்படிப் பேசுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, காலாப்பட்டு

இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு டிரான்சிஸ்டர் பரிசு கொடுக்கலாம் அம்மா. அந்தப் படத்தை வரைந்தவர்களை நானும் பல வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேலே கண்ணாடியும் இல்லை, கூரையும் இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்று அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து விடுகின்றன; அவை தனியாக அலைகின்றன. அவ்வளவுதான் அயனி மண்டலம். பகலில் அடர்த்தி மிகுந்த உயரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் எலெக்ட்ரான் இருக்கும். கேட்கப் பெரிய எண். ஆனால் நம் மூக்குக்கு முன்னால் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அங்கே ஏதும் இல்லை என்றே சொல்லலாம். விண்வெளி நிலையம் அதற்குள்ளேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேடியோ அலை உள்ளே நுழைந்ததும் இந்த எலெக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். எலெக்ட்ரான் அடர்ந்த மேற்பகுதியில் அலையின் முகடுகள் கொஞ்சம் முந்தி ஓடும். மேல் விளிம்பு முந்த, கீழ் விளிம்பு பின்தங்க, அலையின் முகம் சிறிது சிறிதாகப் பூமி பக்கம் திரும்பிவிடும். பட்டென்று மோதித் திரும்புவதில்லை; பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு மெதுவாக வளைகிறது.

இந்த வளைவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று அதிர்வெண். அலை வேகமாக அதிர அதிர, எலெக்ட்ரான்களால் அதற்கு ஈடுகொடுத்து ஆட முடியாது. அலை வளையாமல் நேரே போய்விடும். நம் பக்கத்து வானம், நேர் மேலே அனுப்பிய அலையை உச்சி வெயிலில் 10 மெகாஹெர்ட்ஸ் சுமாருக்குத் திருப்பி அனுப்பும். விடியலுக்கு முன்னால் அது 3, 4 என்று இறங்கிவிடும். விண்வெளி நிலையத்தோடு பேசுவது நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, அதைவிட எவ்வளவோ உயர்ந்த அதிர்வெண்களிலும். அந்த அலைகளுக்கு அயனி மண்டலம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். எஃப்.எம்., டிவி, செல்போன், சாட்டிலைட் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது, சாய்வு. குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டிருப்பாய். செங்குத்தாகப் போட்டால் முழுகும், தாழ்வாக வீசினால் தத்தித் தத்திப் போகும். அதைத் தலைகீழாக வானத்துக்கு வைத்துப் பார். நேரே மேலே விட்டால் கிழித்துக்கொண்டு போய்விடும் 15 மெகாஹெர்ட்ஸ் அலையை, தொடுவானத்தை ஒட்டிச் சாய்த்து அனுப்பினால் அழகாகத் திரும்பி வரும். ஒரே தத்தலில் 4,000 கிலோமீட்டர் வரை போகும். மணிலாவின் வேரித்தாஸ் வானொலி இங்கே கேட்டது அதற்கும் சற்று அதிகமான தூரத்திலிருந்து. பெரும்பாலும் இரண்டு தத்தல், நடுவில் ஒருமுறை தரையையோ கடலையோ தொட்டு எழும்பி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாழ்வாகப் போன அலை தூரத்தில் இறங்கும். செங்குத்தாகப் போனது திரும்பாது. அப்போது நடுவில் இருக்கிற ஊர்களுக்கு ஒன்றும் கேட்காது. டிரான்ஸ்மிட்டருக்கு 300 கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் முள்ளைத் திருகித் திருகி அலுத்துப்போவான். 2,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் காலாட்டிக்கொண்டு கேட்பான். அந்தச் செவிட்டு வளையத்தை நாங்கள் 'ஸ்கிப்' என்போம். ஹாம் (அமெச்சூர் வானொலிக்கார) நண்பர்கள் "இன்னிக்கு ஸ்கிப் நீளமா இருக்கு" என்று பேசிக்கொண்டால், பக்கத்து ஊர் கிடைக்கவில்லை, வெளிநாடு கிடைக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: இதையெல்லாம் கண்டுபிடித்தது மார்க்கோனிதானே?
— வாசகர், முத்தியால்பேட்டை

மார்க்கோனி செய்து காட்டினார். ஏன் நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. 1901 டிசம்பர் 12இல் இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய 'எஸ்' என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கட்டிய கம்பி வழியாகக் கேட்டதாகச் சொன்னார். தூரம் 3,400 கிலோமீட்டருக்கும் மேல். நட்டநடுப் பகலில், அவ்வளவு நீண்ட அலையில் அது கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். மறு வருஷமே கென்னலியும் ஹெவிசைடும், ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் இங்கிலாந்திலும், மேலே மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். 1924இல் ஆப்பிள்டன் பி.பி.சி.யின் போர்ன்மத் நிலையத்து அலையை ஆக்ஸ்ஃபோர்டில் வாங்கி அளந்து அதை நிரூபித்தார். 1947இல் நோபல் பரிசு. நம் பக்கத்தில் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா 1930களிலேயே இந்த அடுக்குகளை அளந்துகொண்டிருந்தார்.

ஆனால் புதுச்சேரிக்காரர் கேட்பதால் ஒரு பிரெஞ்சுக்காரரைச் சொல்லாமல் விடமாட்டேன். அந்தக் காலத்துப் பெரிய கம்பெனிகளும் கடற்படைகளும், தூரம் போக வேண்டுமானால் நீண்ட அலைதான், பெரிய டிரான்ஸ்மிட்டர்தான் என்று நம்பின. அலைநீளம் 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் எதற்கும் உதவாது என்று அமெரிக்காவில் அவற்றைப் பொழுதுபோக்குக்காரர்கள் தலையில் கட்டினார்கள். அவர்களும் சளைக்கவில்லை. 1923 நவம்பரில் நீஸ் நகரத்து லெயோன் டெலாய் என்ற அமெச்சூர், 110 மீட்டர் அளவிலான அலையில், கனெக்டிகட்டில் இருந்த ஃப்ரெட் ஷ்னெலுடன் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து இருவழியாகப் பேசினார் — மோர்ஸில்தான். அமெச்சூர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டது அதுதான் முதல் தடவை. உதவாது என்று ஒதுக்கின அலைதான் உலகத்தைச் சுற்ற வல்லது என்று அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. உடனே வந்து பெரும்பகுதியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

கேள்வி: மத்திய அலையில் பகலில் ஒன்றிரண்டு ஸ்டேஷன்தான் கேட்கிறது. இருட்டினால் எங்கெங்கோ பாஷை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கிறது. ஏன்?
— இல்லத்தரசி, வில்லியனூர்

அம்மா, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி' என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கே காற்று கொஞ்சம் அடர்த்தி. ரேடியோ அலைக்கு ஆடுகிற எலெக்ட்ரான் உடனே பக்கத்து மூலக்கூறில் முட்டி, வாங்கிய சக்தியை வெப்பமாக இழந்துவிடும். மத்திய அலை பகலில் மேலே போகும்போதே அங்கே செத்துவிடும். தரையோடு ஊர்ந்து வருவது மட்டும்தான் மிச்சம். அதனால்தான் புதுச்சேரி வானொலியின் 1215 கிலோஹெர்ட்ஸ் பகலில் பக்கத்து மாவட்டங்களோடு நின்றுவிடும். சூரியன் மறைந்தால் 'டி' அடுக்கு சீக்கிரமே கலைந்துபோகும். மேலே 'எஃப்' அடுக்கில் காற்று அவ்வளவு லேசு. பிரிந்த எலெக்ட்ரானுக்கு ஜோடி சீக்கிரம் கிடைக்காது; மெல்லக் குறைந்தாலும் ராத்திரி முழுக்க மிச்சம் இருக்கும். தடை நீங்கிவிட்டது, திருப்பி அனுப்புகிற அடுக்கு இருக்கிறது. பிறகென்ன, எல்லா ஊரும் உங்கள் சமையலறைக்கு வந்துவிடும்.

கேள்வி: நான் கடலுக்குப் போகிறவன். சில மாதங்களில் விடியற்காலை போட்டில் எஃப்.எம். வைத்தால் இலங்கை ஸ்டேஷன் பக்கத்து ஊர் மாதிரிக் கேட்கிறது. வெயில் ஏறினால் போய்விடுகிறது. இதுவும் அந்த அடுக்குதானா?
— மீனவ இளைஞர், தேவனாம்பட்டினம்

இல்லை தம்பி. எஃப்.எம். அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும் என்று மேலே சொன்னேன். நீ கேட்பது மிகத் தாழ்வில், கடலுக்கு மேலே சில பத்து, சில நூறு மீட்டருக்குள் நடக்கிற சங்கதி. ராத்திரி நிலத்திலிருந்து வருகிற உலர்ந்த காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே பரவி நிற்கும். கீழே ஈரம், மேலே உலர்ச்சியும் சூடும். அந்த எல்லையில் அலை கீழ்நோக்கி வளைந்து, கடல்பரப்புக்கும் அந்த எல்லைக்கும் நடுவே சிக்கி நெடுந்தூரம் போகும். நம் கரையிலிருந்து யாழ்ப்பாணம் 230 கிலோமீட்டர்தான், வழியெல்லாம் கடல்; இதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. வெயில் ஏறிக் காற்று கலங்கியதும் அது குலைந்துவிடும். உன் போட்டு வி.எச்.எஃப். செட்டில் என்றைக்காவது சம்பந்தமில்லாத தூரத்துப் பேச்சு விழுந்தால் அதுவும் இதனால்தான். அதை நம்பி, கரைக்கு எப்போதும் அவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் போடாதே.

அயனி மண்டலம் உன்னைத் தொடுகிற இடம் வேறு: ஜி.பி.எஸ். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே அதற்காகத்தான். இந்தக் கோட்டுக்குப் பக்கத்து வானத்தில், பொழுது சாய்ந்து ஓரிரு மணிநேரத்தில், அடர்ந்த அடுக்குக்குக் கீழிருந்து எலெக்ட்ரான் குறைந்த பெரும் குமிழிகள் கிளம்பி மேலே ஏறும். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களில், மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் இது அதிகம். அப்போது சிற்றலைக் குரல் தொண்டையில் விரல் வைத்துப் பேசுகிற மாதிரி நடுங்கும்; சாட்டிலைட் சிக்னலும் துடிக்கும். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஜி.பி.எஸ். தடுமாறினால் செட்டைத் தட்டாதே, கொஞ்சம் பொறு.

கேள்வி: சூரியப் புயல் வந்தால் ரேடியோ நின்றுவிடும் என்கிறார்களே?
— வாசகர், பண்ருட்டி

சிற்றலை நிற்கும். சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிஷத்தில் இங்கே வந்து, பகல் பக்கத்து 'டி' அடுக்கைக் கெட்டிப்படுத்திவிடும். சிற்றலை மொத்தமும் ஊமையாகிவிடும். சில சமயம் ஒரு மணிநேரத்துக்கு மேலும். 2024 மே மாதப் புயலில், லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த அதே நாட்களில், இப்படித்தான் ஆனது. ஆனால் சூரியனின் 11 வருஷச் சுற்றில் உச்சம் வருகிற காலம்தான் எங்களுக்குத் தீபாவளியும்கூட. எலெக்ட்ரான் அதிகம், உயர்ந்த அதிர்வெண்களும் திரும்பும், சின்ன டிரான்ஸ்மிட்டரிலேயே கண்டம் தாண்டலாம்.

கேள்வி: செல்போன் வந்த பிறகும் இந்த ஹாம் ரேடியோவால் என்ன பிரயோஜனம்?
— வாசகர், நெய்வேலி

2004 டிசம்பர் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி பிரசாத் என்ற ஹாம் அம்மையாரின் குழு அப்போது வேறொரு வேலையாகப் போர்ட் பிளேரில் இருந்தது: அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காக அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். சுனாமி அடித்தது, தொலைபேசி போயிற்று. அவர்களிடம் சிற்றலை செட் இருந்தது. தீவுகளில் இருந்தவர்கள் நலமா என்ற செய்தியை அங்கிருந்து நிலத்துக்குக் கொண்டுவந்தது அந்த செட்தான். போர்ட் பிளேர் நமக்கு நேர் கிழக்கே, கிட்டத்தட்ட நம் அட்சரேகையிலேயே, 1,400 கிலோமீட்டர். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பகலில் அது ஒரே தத்தல். நடுவில் டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம்; வங்காள விரிகுடாவுக்கு மேலே இருக்கிற வானத்தை எந்த அலையும் அடித்துக்கொண்டு போக முடியாதே.

கேள்வி: கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. இப்போது சிற்றலை கேட்க என்ன வாங்கவேண்டும்? லைசென்ஸ் வேண்டுமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். ரேடியோவுக்கே வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டிய காலம் 1980களோடு முடிந்தது. பேசுவதற்குத்தான் அமெச்சூர் பரீட்சை எழுதவேண்டும். 12 வயது ஆனவர் யாரும் எழுதலாம்.

தமிழ் தேடினால் ஏமாற்றம் கொஞ்சம் இருக்கும், சொல்லிவிடுகிறேன். பி.பி.சி. தமிழோசை 2017இல் சிற்றலையை நிறுத்தியது, வேரித்தாஸ் 2018இல். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலை நேரத்தில் நம்மவர்கள் பேசிக்கொள்வது கேட்கும். அதற்கு சாதாரண டிரான்சிஸ்டர் போதாது, 'எஸ்.எஸ்.பி.' (ஹாம்கள் குரலை அனுப்புகிற முறை) வசதி உள்ள செட் வேண்டும், இல்லாவிட்டால் வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்கும். விலை உயர்ந்த செட்டைவிட மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து மீட்டர் செப்புக் கம்பி பெரிசு. அந்தக் காலத்து வலை ஏரியல் அழகுக்குச் சரி, காக்கா உட்காரவும் சரி.

இன்றைக்கு எதிரி வானம் இல்லை, நம் வீட்டு எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும்தான். மலிவு எல்.இ.டி. ஒன்று எரிந்தாலே சிற்றலை முழுக்க 'கொர்ர்' என்று இரையும். 'தானே' புயல் அடித்து ஊரில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பேட்டரி ரேடியோவில் நான் கேட்ட அளவுக்குச் சுத்தமான சிற்றலையை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. உங்களுக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை; ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துப் பாருங்கள், இரைச்சல் எதில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கம்பியை மின்சார லைனுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் முதலில் ஏரியலைப் பிடுங்கி வெளியே போடுங்கள், அப்புறம் மற்ற வேலை.